இறக்கையில் தூவிய உப்பு

ஷிமிஜு
ஜூலை 11, 1978

அன்பு மகள் கசுயோவுக்கு,

அம்மா எழுதுகிறேன். சப்போரோவில் உனக்கு மழைக்காலம் என்பதே கிடையாது, கொடுத்து வைத்தவள். இங்கே இன்னும் விட்டபாடில்லை. துணி காயவில்லை, பாயில் பூசணம், உப்புகூட ஜாடிக்குள் கல்லாக இறுகிவிட்டது. போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் போன் உன் சித்தப்பா உட்காரும் அறை வாசலில் அல்லவா இருக்கிறது? அவர் காதில் விழக்கூடாது.

ஆமாம், சித்தப்பா என்றுதான் எழுதியிருக்கிறேன். "அப்பான்னு கூப்பிடுடி" என்று முப்பது வருஷமாக உன்னோடு மல்லுக்கு நின்றவளுக்கு என்ன ஆயிற்று என்று நினைப்பாய். முழுக்கப் படி.

மார்ச்சில் அவர் கப்பல் பட்டறையிலிருந்து ஓய்வு பெற்றார். வாழ்நாள் முழுக்கக் கப்பலுக்குப் பெயின்ட் அடித்த கை சும்மா இருக்குமா? ஒரு பெரிய பெட்டி வாங்கி வந்தார். பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் செய்யும் போர் விமானம். இறக்கையே ஏறக்குறைய ஒரு முழம். வாலில் நம்பர் எழுதும்போதுதான் எனக்கு விளங்கியது. அது உன்னைப் பெற்றவர், ஹிரோமு, கடைசியாக ஓட்டிப் போன விமானம். நீ என் வயிற்றில் இருந்தபோது போனார். திரும்பி வந்தது, அஸ்திக்குப் பதில் ஒரு பெட்டிக்குள் பெயர் எழுதிய காகிதம் மட்டும்.

"அண்ணியைக் கட்டிக்கிட்டதைத் தவிர அண்ணனுக்கு நான் வேற என்ன செஞ்சேன்?" என்று உன் சித்தப்பா சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. கல்யாணமாகி ஒரு வருஷம்வரை என்னை அண்ணி என்றே கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்ட மனுஷன் அவர்.

பளபளவென்று நின்றால் அது பொம்மையாம், பறந்து அடிபட்ட தோற்றம் வந்தால்தான் விமானமாம். அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். முதலில் வெள்ளிப் பெயின்ட். அதன்மேல் ஈரம் தொட்டு அங்கங்கே உப்பு. அதற்குமேல் பச்சை. காய்ந்தபின் உப்பைத் தேய்த்து உதிர்த்தால் அந்த இடங்களில் பச்சை உரிந்து வெள்ளி தெரியும். விமானி கால் வைத்து ஏறும் இடம் இடது இறக்கை, உடம்போடு சேரும் பக்கம். அங்கே மட்டும் கொஞ்சம் கூடுதலாக.

போன மாதம் அவருடைய பழைய மேஸ்திரி இறந்துபோனார். சாவு வீட்டில் கொடுத்த உப்புப் பொட்டலத்தை வாசலிலேயே பிரித்து மேலே தூவிக்கொண்டு உள்ளே வர வேண்டியதுதானே? கூட வருவது எதுவானாலும் வெளியே நிற்கத்தானே அந்த உப்பு? இவருக்கு வெள்ளி காய்ந்திருக்குமே என்ற அவசரம். நேராக உள்ளே வந்துவிட்டார். என் ஜாடி உப்பு கல்லாகிக் கிடக்கவே, அந்தப் பொட்டலத்தைக் கிழித்து இறக்கையில் தூவிவிட்டார். மறுநாள் வெறும் காகிதத்தைப் பார்த்து, "புத்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு?" என்று கத்தினேன். "உப்புல என்னம்மா சாவு வீட்டு உப்பு, கல்யாண வீட்டு உப்பு?" என்றார்.

உப்பை உதிர்த்தபோது இறக்கையில் கடுகு கடுகாகத்தான் வெள்ளி தெரிந்தது. இரண்டு நாளில் அது நகமளவு ஆயிற்று. "யாரோ ஏறி இறங்கறாங்க போல" என்று கேலி செய்தார். பச்சையைத் தொட்டு மூடினார். காலையில் மூடியது, சாயங்காலத் தேநீருக்குள் மறுபடி தேய்ந்திருந்தது. அதன்பின் அவர் கேலி செய்யவில்லை. விமானத்தின் புகைக்குழாய்க்குப் பின்னால் கரி படிந்த மாதிரி பென்சில் தூள்தான் பூசியிருந்தார். தூசி துடைக்கப் போனபோது என் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. எரிந்த எண்ணெய் வாடை, சோப்புப் போட்டும் இரண்டு நாள் போகவில்லை.

போன வியாழக்கிழமை மத்தியானம் மீன் சுட்டுக்கொண்டிருந்தேன். கூடத்தில் நடக்கும் சத்தம். உன் சித்தப்பா சின்ன வயதிலிருந்து வலது காலை இழுத்து நடப்பவர். அந்தக் காலால்தான் அவரைப் போருக்கு எடுக்கவில்லை. நான் கேட்ட நடையில் இழுப்பே இல்லை. இரண்டு காலும் ஒரே மாதிரி விழுந்தன. திரும்பிப் பார்த்தேன். உன் சித்தப்பாதான். "தொமி, என் கையுறைய எங்க வச்ச?" என்றார்.

என்னைத் தொமி என்று கூப்பிட்டவர் ஒருவர்தான், கசுயோ. மீன் கருகியதுகூட எனக்குத் தெரியவில்லை.

இப்போது பாதி நாள் இவர், பாதி நாள் அவர். நேற்று ஜன்னலோரம் நின்று, "மழை விட்டதும் கிளம்பணும்" என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை. முதல் தடவை போனபோதும் இதே வார்த்தையைத்தான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வானம் தெளியும் என்று ரேடியோவில் சொல்கிறார்கள். அவர் கிளம்பினால் எந்த உடம்போடு கிளம்புவார்? எனக்கு இருப்பது ஒரு புருஷன்தான். முப்பத்தோரு வருஷம் எனக்காகவும் உனக்காகவும் உழைத்த மனுஷனை நான் பறிகொடுக்க மாட்டேன்.

மேலே தூவி விரட்ட ஒரு பிடி உப்பை எடுத்து அவர் பின்னாலேயே போனேன். "தொமி" என்று திரும்பினார். கை எழவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், "என்னங்க?" என்று கேட்டுவிட்டேன். இருபத்திரண்டு வயதுக் குரல் என் தொண்டையிலிருந்து வந்தது. அதனால்தான் என்னை நம்பாமல் உன்னைக் கூப்பிடுகிறேன்.

சனிக்கிழமைக்குள் வந்துவிடு. ஆஸ்பத்திரியில் எப்படியாவது லீவு கேள். வாசலில் உப்பு வைத்திருப்பேன், உன்மேல் தூவிக்கொண்டு உள்ளே வா. அவர் உன்னைப் பார்ப்பார். பெற்ற பிள்ளையை முதல் தடவை பார்க்கும் பார்வையாக இருக்கும். உனக்கு அப்பா என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிடும். பிறந்ததிலிருந்து நீ யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை, இந்த வீட்டில் இப்போது அதற்குத் திரும்பிப் பார்க்க ஒருவர் இருக்கிறார். எனக்குத் தெரியாதா, கண்ணே?

கூப்பிட்டுவிடாதே. சித்தப்பா என்று கூப்பிடு. எப்போதும் போல, அந்தப் பிடிவாதக் குரலிலேயே கூப்பிடு. முகத்தைத் திருப்பிக்கொண்டால் மறுபடி கூப்பிடு. அவர் காலை இழுத்துக்கொண்டு உன்னிடம் வரும் சத்தம் கேட்கும்வரை நிறுத்தாதே.

உன்னிடம் இதைக் கேட்கும் என்னை மன்னித்துவிடு.

உன் அம்மா,
தொமியே