இரண்டு ஃப்ரீ த்ரோ

அன்புள்ள அம்மாவுக்கு கார்வின் எழுதுவது. உன் முழங்கால் வலி தேவலையா? மொன்டானாவில் இன்னும் பனி கொட்டுகிறதா? நான் சௌக்கியம்.

எங்கள் வட்டாரக் கல்லூரிகள் மோதும் கான்ஃபரன்ஸ் கூடைப்பந்துப் போட்டியில் அரையிறுதியோடு வெளியேறிவிட்டோம். ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். நாலு விநாடி மிச்சமிருக்கும்போது எனக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது; யாரும் தடுக்காமல் எறியலாம், ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. இரண்டும் வளையத்தில் பட்டு வெளியே விழுந்தன. அவ்வளவுதான், பெரிதாக ஒன்றுமில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் தனியாக உட்கார்ந்திருந்தேன். இந்த வருடம் படிப்பு முடிகிற எங்கள் கேப்டன் டிமாரியஸ் மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் பீட்சாவில் பாதியைக் கொடுத்தான். "தின்னுடா. அந்த வளையம் எங்கயும் ஓடிடாது. அடுத்த வருஷம் நான்தான் இருக்க மாட்டேன்."

ஜெயித்திருந்தால் அடுத்த ஆட்டங்கள் இருந்திருக்கும்; கிறிஸ்துமசுக்கு வர முடியாததைப் போலவே இந்த விடுமுறைக்கும் வந்திருக்க முடியாது. அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறேன். கட்டிலின் கால்மாட்டில் ஒரு நாற்காலி போட்டு வை, இன்னும் வளர்ந்துவிட்டேன். வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

அம்மா, சத்தியமாக அந்த இரண்டையும் வேண்டுமென்றே தவறவிடவில்லை.

கார்வின்