ஞாயிறைத் திறப்பதற்கு முன்

இன்று காலை தில்லை நகர் அலுவலகத்தில் வேலை அட்டவணையைத் திறந்தேன். திரையில் ஞாயிற்றுக்கிழமைகள் வழக்கம்போல் விடுமுறை என்று சாம்பல் நிறத்தில் மூடிக் கிடந்தன. மேனேஜர் பின்னால் வந்து நின்றார். "ஆஸ்பத்திரி வேலை இழுத்துக்கிட்டே போகுது. சண்டே எல்லாத்தையும் ஓப்பன் பண்ணிடுங்க. தேவைப்பட்டா வருவோம்" என்றார். எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது.

நீ என் பக்கத்து இருக்கையில் இருந்த அந்த வருஷமும் இதே மாதிரி ஓர் ஆஸ்பத்திரிக்கு பில் போடும் மென்பொருளை மாற்றிக் கொடுக்கும் வேலைதான். வெளிநோயாளிகள் வராத ஞாயிறில்தான் பழையதை நிறுத்திப் புதியதை ஓடவிட முடியும். அதற்கு ஒரே ஒரு ஞாயிறு போதும். அப்போதிருந்த மேனேஜரோ, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவர் போல, அட்டவணையில் எல்லாருக்குமான பொதுக் காலண்டரில் ஞாயிறுகள் அத்தனையையும் வேலை நாளாக்கிவிட்டார். காலி இடம் கண்டதும் அட்டவணை மென்பொருள் எல்லாருடைய வேலைகளையும் அங்கே இழுத்துப் போட்டது. வேலை முடியும் தேதி முன்னால் வந்துவிட்டது. மனிதர் அதை நம்பி ஆஸ்பத்திரியில் வாக்கும் கொடுத்துவிட்டு வந்தார்.

உன் பெயருக்கு நேரே வரிசையாக ஞாயிறுகள். உன் அப்பாவுக்கு மறதி நோய் வந்த பிறகு, ஞாயிறன்று நீ ஸ்ரீரங்கம் வீட்டைவிட்டு நகர்ந்ததில்லை. அவரைப் பார்த்துக்கொள்ள வரும் ஆயாம்மாவுக்கு அன்று லீவு. கொஞ்சம் கண் அசந்தால் அப்பா செருப்புகூட இல்லாமல் கொள்ளிடம் பக்கம் நடந்துவிடுவார். இது அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

நீ பெரிய சண்டை போடுவாய் என்று நினைத்து, கூடவே வெளிநடப்புச் செய்ய நான் கைப்பையோடு தயாராக இருந்தேன். நீ குரலைக்கூட உயர்த்தவில்லை. "கம்ப்யூட்டருக்கு எங்கப்பாவைத் தெரியாது சார். உங்களுக்குத் தெரியும்ல?" என்று மட்டும் கேட்டாய். கொடுத்த தேதியை மாற்றிக் கேட்க அவரே ஆஸ்பத்திரிக்குப் போனார்.

பிறகு பொதுக் காலண்டரில் ஞாயிறுகளை முழுக்க மூடினாய். தேவையான ஒரு நாளை, வர வேண்டியவர்களுடைய தனிக் காலண்டரில் மட்டும் திறந்தாய். "எந்த ஞாயிறு, யாருக்குன்னு முதல்ல கேளுடி. அவங்க சரின்னு சொன்னப்புறம் திற" என்றாய். முன்கூட்டியே தெரிந்ததால் உன் தம்பி சென்னையிலிருந்து வந்து அப்பாவோடு இருந்தான். நீயும் நிம்மதியாக வந்து, சோதனைக்கான முதல் பில்லை மேனேஜர் பெயரில், பிரசவ வார்டில் போட்டாய். அவரும் சேர்ந்து சிரித்தார்.

அடுத்த வருஷம் காய்ச்சல் என்று படுத்தாய். சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். நீ போனதில் எனக்கு இன்னும் உன்மேல் கோபம் இருக்கிறது.

இன்று மேனேஜரிடம், "எந்த சண்டே சார்? யார் யாருக்கு?" என்று கேட்டேன். ஒரு தேதி சொன்னார். இரண்டு பேர் போதும், அதில் ஒருத்தி நான். சரி என்று உடனே சொல்ல முடியவில்லை. இப்போது உங்கள் வீட்டோடு வந்துவிட்ட உன் தம்பிக்கு முதலில் போன் செய்தேன். "அந்த ஒரு சண்டே அப்பாவை நான் பார்த்துக்கறேன்க்கா. நீங்க போயிட்டு வாங்க" என்றான். அதன் பிறகுதான் என் காலண்டரில் அந்த ஞாயிறைத் திறந்தேன்.

மற்ற ஞாயிறுகளில் அவன் வெளியே போய்வருவான். நான் அப்பாவோடு இருப்பேன். அவர் என்னை நீ என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். "இன்னைக்கு ஆபீஸ் இல்லையாம்மா?" என்று கேட்கிறார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்கிறார்.

"இல்லப்பா, இன்னைக்கு வீட்லதான் இருப்பேன்" என்கிறேன்.