பதினேழாம் கேள்வி

இந்த ஆராய்ச்சிக்காரர்கள் மறுபடியும் நம் வாசலுக்கு வருவார்கள் என்று நான் அன்றைக்கே சொன்னேன், அத்தான். வந்துவிட்டார்கள். மூட்டுவலி எண்ணெய் ஒரு குப்பியும் புதுப் படிவமும் இன்று காலை தந்துவிட்டுப் போனார்கள். மூடியைத் திறந்தேன், உங்கள் முழங்கால் வாசம். உங்கள் இடத்தில் இனி நான்தான் 'பயனாளர் பிரதிநிதி'யாம். ஒன்பதாம் வகுப்பைத் தாண்டாதவன்தான். ஆனால் படிவம் வாசிப்பதில் இலஞ்சியில் எனக்கு ஈடு யார்?

முதல் தடவை, எண்ணெய் தேய்ப்பவர்களின் கருத்தையும் கேட்டு ஆராய்ச்சி செய்யப் போகிறோம் என்று தென்காசிக்கு உங்களை அழைத்தார்கள். துணைக்கு நானும் வந்தேன். கழுத்தில் அட்டை மாட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள், வடை தந்தார்கள். ஊரில் நான் அதைக் கலெக்டர் கூட்டம் என்றே சொல்லிவைத்தேன்.

நீங்கள் எழுந்தீர்கள். "டாக்டரய்யா, சாரல் நேரத்துல எண்ணெய் தேய்ச்சவன் பூரா ஐந்தருவியில போயி நிக்கான். தண்ணி அடிச்சு வலி கொறஞ்சுதா, எண்ணெயில கொறஞ்சுதா? அருவியில குளிச்சியான்னு ஒரு கேள்வி போடுங்க."

சிரித்தார்கள். "அதெல்லாம் நாங்க பாத்துக்கிடுதோம், பெரியவரே. நீங்க கையெழுத்தப் போடுங்க" என்றார் டாக்டர்.

"எங்களக் கூப்பிட்டது கேக்கதுக்கா, காட்டதுக்கா?"

டாக்டர் பேனாவை நீட்டினார். திரும்பும் பஸ்ஸில் என்னைப் பிடித்துக்கொண்டீர்கள். "ஏலே மாப்ளே, ஊர்ல வாய் கிழியப் பேசுவியே, அங்கன வடைய அடைச்சிக்கிட்டா இருந்த?" இரண்டு வடை, அத்தான். வேறென்ன சொல்ல?

பிறகு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் படுத்தபோதும் அதையே கேட்டீர்கள். "கேள்வியப் போட்டாவளா?"

"போட்டாச்சி அத்தான். பதினேழாவது. டாக்டரே எந்திச்சு வாசிச்சாரு, ஒரே கைத்தட்டு."

"எழுத்துப் பெருசா இருக்கா?"

"கண்ணாடி இல்லாம வாசிக்கலாம்."

சிரித்துக்கொண்டே கண்ணை மூடினீர்கள். பதினாறாம் நாள் விசேஷத்தில்கூட அந்தக் கைத்தட்டைத்தான் எல்லோரிடமும் சொன்னேன். அக்கா அழுதாள்.

இன்று புதுப் படிவத்தைப் புரட்டிப் பார்த்தேன். அருவி என்ற சொல்லே இல்லை. கையெழுத்துக்கு மட்டும் மூன்று இடம் விட்டிருக்கிறார்கள். நான் இன்னும் போடவில்லை. அடுத்த கூட்டத்தில் உங்கள் கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் வடையைத் தொடுவேன்.

இதுவும் என் வழக்கமான அளப்பு என்று நினைப்பீர்கள். நினைக்க உங்களுக்கு உரிமை உண்டு. பதினேழாம் கேள்வி நான் கட்டிவிட்ட கதை, அத்தான். படிவம் அன்றைக்கும் பதினாறோடுதான் முடிந்தது.