‘எல்லோருக்கும்’ போன மெயில்

மார்ச் 4, செவ்வாய்

நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் மெயில்கள். ‘கதவு – இறுதி’, ‘கதவு – இறுதி – புதிது’, ‘கதவு – இதுதான் இறுதி’. நாங்கள் கட்டிக்கொடுப்பது ஆஸ்பத்திரியில் நடக்க முடியாதவர்களுக்கான வார்டு. அங்கே போய் இறுதி, இறுதி என்று இத்தனை தடவையா எழுதுவது!

மேலாளருக்கு எதிர் மேசைதான் என் மேசை. தலையைத் தூக்கினால் என் முகம் தெரியும். ‘என் மெயிலைப் பார்த்தீர்களா?’ என்று இன்னொரு மெயில் அனுப்புகிறார். பார்த்தேன் என்று நானும் மெயிலிலேயே சொன்னேன். வேறு எப்படிச் சொல்வது?

மார்ச் 6, வியாழன்

சுவருக்கு வெளிர்பச்சையா, இளநீலமா? நாள் முழுக்க இதே. பெயிண்டைப் பற்றிக் கருத்து இல்லாத மனுஷன் எங்கள் ஆபீஸில் இன்னும் பிறக்கவில்லை.

மார்ச் 7, வெள்ளி

கட்டடத்துக்குப் போனோம். நானும், வரைபடம் போடும் பெண்ணும். மெல்லத்தான் பேசுவாள் என்பதால் ஆபீஸில் அவளுக்குச் சுண்டெலி என்று பெயர். கூப்பிட்டால் சிரித்துக்கொள்வாள்.

தலைமை நர்ஸ் ஒரு கட்டிலையே தள்ளிக்கொண்டு வந்து காட்டினார். “கட்டில் மட்டும் போனா பத்தாதும்மா. டிரிப்ஸ் கம்பி, அதைப் பிடிச்சுக்கிட்டு ஒரு ஆள், எல்லாம் சேர்ந்து போகணும்.” வாசல் இன்னும் ஒரு சாண் அகலம் வேண்டும். பக்கத்தில் நின்ற கொத்தனார் காதில் வாங்கிக்கொண்டார்.

சுண்டெலி மத்தியானமே புது வரைபடத்தை எல்லோருக்கும் அனுப்பிவிட்டாள். வந்த பதில்கள்: நன்றி. நன்றி. இளநீலமே நல்லது.

மார்ச் 19, புதன்

கதவுகள் வந்து இறங்கின. ஒரு சாண் குறைவு!

கொத்தனார் சுவரில் சரியான அகலம் விட்டிருக்கிறார். கதவை நிறுத்தினால் பக்கத்தில் பல் விழுந்த மாதிரி ஒரு இடைவெளி. எல்லா அறையிலும். தச்சர் போனை நீட்டினார்: “எனக்கு வந்தது இந்தப் படம்தாம்மா. இதுக்கப்புறம் ஒண்ணும் வரல.”

அடுத்த மாதம் திறப்பு. பழைய வார்டில் இடமில்லாமல் வராந்தாவில் ஆட்கள் படுத்திருக்கிறார்கள். என்ன செய்யப்போகிறோம்?

மார்ச் 20, வியாழன்

மேலாளரிடமிருந்து மெயில். ‘வரைபடப் பிரிவின் அலட்சியம்’ என்று. எங்கள் ஆட்கள், ஆஸ்பத்திரிக்காரர்கள், எல்லோருக்கும். வரைபடப் பிரிவு என்றால் அவள் ஒருத்திதானே! கண்ணு முன்னாடி உக்காந்திருக்கிற பொண்ணுகிட்ட, ‘என்னம்மா ஆச்சு’ன்னு ஒரு வார்த்தை கேக்க இந்த மனுஷனுக்கு வாய் இல்லையா?

கை கழுவும் இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள். “அனுப்பினேன்க்கா. எல்லாருக்கும்னு அழுத்தித்தான் அனுப்பினேன்.”

அதற்கப்புறம் ஆபீஸில் வேலையே நடக்கவில்லை. ஆளாளுக்குப் பழைய மெயிலைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள் — தான் மாட்டக்கூடாதே என்று.

மார்ச் 21, வெள்ளி

நானும் தோண்டினேன். கிடைத்துவிட்டது.

பெயிண்ட் சண்டை நடந்தபோது, ‘இந்தப் பேச்சு தச்சருக்கு எதற்கு’ என்று அவர் முகவரியை மேலாளரே எடுத்துவிட்டிருக்கிறார். மறுநாள் சுண்டெலி அதே மெயிலுக்குப் பதிலாகப் புது வரைபடத்தைச் சேர்த்து, எல்லோருக்கும் என்று அழுத்தியிருக்கிறாள். அந்த எல்லோரில் தச்சர் இல்லை. கதவு செய்கிற ஆளைத் தவிர ஊருக்கே கதவின் அளவு போயிருக்கிறது!

ஆத்திரத்தில் நீளமாக ஒரு பதில் அடித்தேன், ஆஸ்பத்திரி வரைக்கும் எல்லோருக்கும். அனுப்புமுன் வீட்டுக்காரருக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினேன். “அவர் செஞ்சதையே நீயும் செய்யப்போறியா?” என்றார். அழித்துவிட்டு எழுந்து போனேன்.

“சார், கதவு விஷயமா...”

“மெயில்ல போடுங்க, பாத்துக்கறேன்.”

வந்ததே கோபம். “போட மாட்டேன் சார். இப்பவே பாருங்க.”

பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

மார்ச் 24, திங்கள்

எல்லோரும் ஒரே கதவைச் சுற்றி நின்றோம். சுண்டெலி பூசாத சுவரிலேயே பென்சிலால் வரைந்தாள்: இடைவெளியில் ஒடுக்கமாக இன்னொரு கதவு. சாதாரணமாக மூடியிருக்கும், கட்டில் வந்தால் திறக்கும்.

“தாழ்ப்பாளை மேல வெச்சுடாதீங்க. எங்களுக்கு ஒரு கை கட்டில்ல இருக்கும்,” என்றார் நர்ஸ்.

“இடுப்பு உயரத்துல வெச்சுடறேன்,” என்றார் தச்சர்.

தீர்ந்தது. டீ ஆறுவதற்குள் முடிந்த பேச்சு!

கிளம்பும்போது மேலாளர் அவள் பக்கத்தில் போய், “மன்னிச்சுக்கம்மா. கேக்காம எழுதிட்டேன்,” என்றார். பரவாயில்லை சார் என்பாள் என்று நினைத்தேன்.

“திட்டினது எல்லார் முன்னாடியும் சார்,” என்றாள்.

மார்ச் 25, செவ்வாய்

எல்லோரையும் கூட்டி வைத்து, தப்பு தன்னுடையது என்று வாயால் சொன்னார். ஆஸ்பத்திரிக்கும் போன் போட்டுச் சொன்னார். இனி தினமும் காலையில் வெள்ளைப் பலகை முன்னால் எல்லோரும் நின்று பேச வேண்டுமாம், தச்சர் உட்பட. முடிவு பலகையில் இருக்கும். இந்த ஞானம் போன மாதமே வந்திருக்கக் கூடாதா?

மார்ச் 31, திங்கள்

சுண்டெலி வேலையை விடுகிறாள். “கோபமெல்லாம் இல்லக்கா. மெயில் வர்ற சத்தம் கேட்டாலே எழுந்து ஓடிடலாம்னு இருக்கு.”

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். போன மெயிலை யார் திரும்பக் கூப்பிட முடியும்?

ஏப்ரல் 28, திங்கள்

வார்டு திறந்தாயிற்று. முதல் கட்டில் வந்தது. நர்ஸ் ஒரு கையால் தாழ்ப்பாளைத் தள்ளி, பேச்சை நிறுத்தாமலே உள்ளே போய்விட்டார். கட்டிலில் இருந்த அம்மா ஜன்னலைத்தான் பார்த்தார். கதவை யாரும் கவனிக்கவே இல்லை.

சுண்டெலிக்குப் போன் போட்டேன்.

“இடிச்சுதாக்கா?”

“இல்லடி.”

“கம்பியோட போச்சா? கூட ஆள் இருந்தாங்களா?”

“எல்லாம் சேர்ந்து போச்சு.”

“போனை அங்க பிடிங்கக்கா, அந்தச் சின்னக் கதவை ஒரு தடவை மூடுங்க,” என்றாள்.

மூடினேன்.

“இன்னொரு தடவை,” என்றாள்.