மெல்கியின் கிராம்புத் தோப்பு

ஹத்துமே
ஞாயிறு, ஆராதனை முடிந்த பிறகு

அன்புள்ள ருகாயாவுக்கு,

யோசினா எழுதுகிறேன். எந்த யோசினா என்று கேட்கமாட்டாய் என்ற தைரியத்தில்தான் பேனாவை எடுத்தேன். ஆண்டவர் கிருபையில் நாங்கள் நலம். அல்லாவின் காவலில் நீயும் மகளும் பேரப்பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் பூட்டோன் முகவரியை இத்ரிஸ்தான் கொடுத்தான். போன் நம்பர் கேட்டேன். "எங்கக்கா புது நம்பர்னா எடுக்கவே மாட்டா. எழுதிப் போடுங்க, கண்ணாடிய மாட்டிக்கிட்டு ரெண்டு தடவை படிப்பா" என்றான். உனக்குக் கண்ணாடி வந்துவிட்டதா ருகா? நர்சிங் பள்ளி விடுதியில் ஊசியில் நூல் கோக்க எல்லாரும் உன்னிடம்தானே வருவோம்.

உன் தம்பியை நான் எங்கே பார்த்தேன் என்று யோசிப்பாய். இங்கேதான், எங்கள் ஊரில், ஒரு கிராம்பு மரத்தின் உச்சியில். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் மெல்கியிலிருந்து தொடங்கினால்தான் உனக்குப் புரியும்.

மெல்கி என் பெர்டி அண்ணனின் மகன். நர்சிங் பள்ளி விடுமுறையில் கிராம்பு பறிக்க உன் ஊர்க்காரர்களோடு வந்த நீ, காயவைக்கும் கொட்டகைக்குள் உன் கையால் எடுத்த பிள்ளை. அண்ணியைச் சுற்றி எல்லாரும் கத்திக்கொண்டிருந்தபோது, "கொஞ்சம் சும்மா இருங்க. எல்லாரும் சேந்து முக்கினா பிள்ளை பயந்து உள்ளயே இருந்துக்கும்" என்று நீ அதட்டினாய். எங்கள் ஊரில் இன்றைக்கும் பிரசவத்தில் கூட்டம் சேர்ந்தால் யாராவது இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். சொன்னது யார் என்பது சின்னவர்களுக்குத் தெரியாது.

மதக் கலவரத்தில் அண்ணன் போனபோது மெல்கி சின்னப் பையன். அதே வாரத்தில்தான் உன் கணவர் ஹாருனும். நீ மகளோடு பூட்டோனுக்குக் கப்பலேறியதும் அதற்கப்புறம்தான். அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. பிறகு அண்ணியும் காலமாகிவிட, அவனை நான் வளர்த்தேன். சிறுவயதில் தொண்டை வலியோடு வந்த ஒரு காய்ச்சல், மருந்துக்கடையெல்லாம் மூடிக் கிடந்த காலம், எப்படியோ சரியாகிவிட்டது என்று விட்டோம். அது சரியாகவில்லை. உள்ளேயே இருந்து இதய வால்வைத் தின்றிருக்கிறது. போன வருஷம் படகைத் தள்ளும்போது மூச்சு வாங்கி மணலிலேயே உட்கார்ந்துவிட்டான். அம்போன் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு ஜகார்த்தாவுக்கு அனுப்பினார்கள். நெஞ்சைத் திறந்து உலோக வால்வு வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்தால் கடிகாரம் மாதிரி டிக் டிக்கென்று கேட்கும். அவன் மகள் லியாவுக்கு அந்தச் சத்தம் இல்லாவிட்டால் இப்போது தூக்கம் வருவதில்லை.

ஆபரேஷனுக்கு அரசாங்கக் காப்பீடு கொடுத்தது. ஆனால் ஆஸ்பத்திரிக் கதவைத் தாண்டின பிறகுதான் செலவு தொடங்கும் என்று உனக்கும் எனக்கும் தெரியாதா? விமான டிக்கெட், டாக்டர் ஊருக்குப் போகலாம் என்று சொல்லும்வரை ஆஸ்பத்திரி அருகே வாடகை அறை, பிள்ளைக்குப் பால். திரும்பி வந்த பிறகும் ரத்தம் உறையாமல் இருக்க ஆயுளுக்கும் மாத்திரை, மாதாமாதம் ரத்தப் பரிசோதனைக்கு அம்போனுக்குப் படகுக் கூலி. வருமானம் என்று எதுவும் இல்லை. அவன் மனைவி நோவி தன் நகையை விற்றாள். சபையில் காணிக்கை எடுத்துக் கொடுத்தார்கள். என் பங்கை நானும் கொடுத்தேன். கிணற்றில் கல் போட்ட மாதிரி எல்லாம் போய்க்கொண்டே இருந்தது.

மிச்சம் இருந்தது அண்ணன் விட்டுப்போன தோப்பு ஒன்றுதான். இந்த வருஷம் கிராம்பு கொட்டோ கொட்டென்று மொட்டு விட்டது. ஆனால் பறிக்க ஆள்? எல்லாத் தோப்பிலும் மொட்டு ஒன்றாக முற்றிவிட்டது. இளவட்டங்களில் பாதிப் பேர் நிக்கல் சுரங்கத்து வேலைக்கு ஹல்மஹெராவுக்குப் போய்விட்டார்கள். அவரவர் மரத்தைப் பறிக்கவே ஆள் இல்லை. மொட்டு விரிந்து பூவாகிவிட்டால் ஒரு காசுக்கும் ஆகாது. வியாபாரி ஓத்தோ வந்து, இந்த சீசனோடு அடுத்த இரண்டு சீசனையும் எழுதிக் கொடுத்தால் மொத்தமாகப் பணம் தருகிறேன் என்றான். அவன் சொன்ன விலையைக் கேட்டு நான் எழுந்து போய்விட்டேன். ஓத்தோ கெட்டவன் இல்லை, வியாபாரி.

அன்று சாயங்காலம் மெல்கி யாருக்கும் தெரியாமல் ஏணியைத் தூக்கிக்கொண்டு தோப்புக்குப் போய்விட்டான். நானும் நோவியும் ஓடிப் பார்த்தால், பாதி ஏணியில் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறான். உதடெல்லாம் வெளுத்திருந்தது. அவன் மாத்திரைக்கு, ஒரு கிளை கீறினாலே ரத்தம் நிற்பது கஷ்டம். நோவி கீழே நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஏறு, ஏறு, ஏன் நின்னுட்ட? உன் நெஞ்சத் தச்ச டாக்டரு ஜகார்த்தாவுல இருக்காரு. இங்க பிரிஞ்சுதுன்னா நான்தான் கோணி ஊசியால தைக்கணும். எனக்குத் தையல் கோணலாத்தான் வரும், பரவாயில்லையா?" என்றாள். அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே இறங்கினான். இறங்கி மண்ணில் உட்கார்ந்து, "எங்கப்பன் மரம் அத்தை. கண்ணு முன்னாடி பூத்துப் போகுது" என்று அழுதான். நோவி ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள்.

மறுநாள் காலையில், லியாவுக்குத் தடுப்பூசி என்று சொல்லிவிட்டுப் படகேறினாள். ஊசி போடுகிறவள் நான். என்னிடமே அந்தப் பொய்யைச் சொன்னாள் பார். கொஞ்சம் தனியாக இருந்துவிட்டு வரட்டும் என்று நான் கேட்கவில்லை. அவள் போன இடம் உன் ஊர் ருகா. தனாலே.

அங்கே நடந்ததை உங்கள் ஊர்த்தலைவர் தாஹிர் பிறகு எனக்குச் சொன்னார். நேராக அவர் வீட்டு வாசலில் போய், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். "ஐயா, நான் கேயித் தீவுக்காரி. உங்க பக்கத்து வழக்கமெல்லாம் எனக்குத் தெரியாது. எங்க வீட்டுக்காரரு ஆஸ்பத்திரியில படுத்திருக்கும்போது சொன்னாரு, ஹத்துமேக்கும் தனாலேக்கும் பேலா உறவு, ரெண்டு ஊரு முன்னோருங்களும் ஒரே கிண்ணத்துல குடிச்சு சத்தியம் பண்ணினவங்க, ஒருத்தர் கேட்டா இன்னொருத்தர் இல்லைன்னு சொல்லக் கூடாதுன்னு. அது நெசமா, இல்ல மருந்து மயக்கத்துல பேசினாரான்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றாளாம்.

தாஹிர் அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாராம். அப்புறம், "என்னம்மா வேணும்?" என்றாராம். "மரம் ஏறத் தெரிஞ்ச ஆளுங்க" என்றாளாம்.

எங்களில் யாருக்கும் அது தோன்றவில்லை என்று நினைக்காதே. எல்லாருக்கும் தோன்றியிருக்கும். இரண்டு ஊரும் ஒருவர் மேல் ஒருவர் கை வைக்கவில்லை, அது உனக்கும் தெரியும். ஆனால் அந்த நாட்களில் நின்ற படகுகள் நின்றதுதான். கலவரம் ஓய்ந்த பிறகு யார் முதலில் போவது, போய் எந்த முகத்தோடு என்ன பேசுவது என்று தெரியாமலே வருஷங்கள் ஓடிவிட்டன. அந்தக் கூச்சம் நோவிக்கு இல்லை. அவளுக்குத் தெரிந்தது மொட்டு விரியப் போகிறது என்பது மட்டும்தான்.

அந்த வார வியாழக்கிழமை விடிந்ததும் கடலிலிருந்து சங்குச் சத்தம் கேட்டது. எங்கள் வயதுக்காரர்களுக்கு அந்தச் சத்தம் எப்படி இருந்திருக்கும், நீயே சொல். கலவர நாட்களில் சங்கு ஊதினால் ஓடு என்று அர்த்தம். பக்கத்து வீட்டுப் பெத்ரோனெலா பேரனை இழுத்து உள்ளே போட்டுத் தாழ்ப்பாள் போட்டாள். நோவிதான் வாசலில் நின்று, "அத்தை, படகுல பாருங்க. ஏணி" என்றாள். படகு நிறைய ஏணி. கயிறு, கூடை, அரிசி மூட்டை, பானைகள். தாஹிர் முன்படகில் நின்றுகொண்டிருந்தார், தலையில் தொப்பியோடு.

எங்கள் தலைவர் வில்லெம் முழங்கால் தண்ணீர்வரை இறங்கிப் போனார். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். "நீங்க கூப்பிடுவீங்கன்னு நாங்க உக்காந்திருந்தோம்" என்றார் தாஹிர். "நீங்க வருவீங்கன்னு நாங்க உக்காந்திருந்தோம்" என்றார் வில்லெம். பிறகு கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தார்கள். கரையெல்லாம் அழுகை. நோவி மட்டும் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு பேரும் நல்லா உக்காந்தீங்க. இப்ப கொஞ்சம் ஏறுங்க, மொட்டு விரிஞ்சிடும்" என்றாள். அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

அதற்கப்புறம் எங்கள் ஊர் பழையபடி ஆகிவிட்டது ருகா. மரத்துக்கு மரம் கத்தல், கிண்டல். உன் தம்பிக்கு இந்த வயதிலும் வாய் அடங்கவில்லை. உச்சியிலிருந்து, "மெல்கி, நீ மகராசன்டா! கீழ உக்காந்து பாய்ல கிராம்பைப் புரட்டு. இந்த நெஞ்சு எனக்குக் கெடைக்கலியே" என்று கத்துவான். மெல்கியும் கீழேயிருந்து, "வாங்கிக்கங்க மாமா, டிக் டிக் சத்தம் இலவசம்" என்பான். தனாலேப் பிள்ளைகள் வரிசையாக வந்து அவன் நெஞ்சில் காது வைத்துக் கேட்டுவிட்டு ஓடின. நெஞ்சைக் கிழித்த பிறகு அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் பெண்களெல்லாம் பாயில் வட்டமாக உட்கார்ந்து மொட்டைக் காம்பிலிருந்து பிரித்தோம். விரலெல்லாம் அந்த எண்ணெய் பிசுபிசுப்பு, அந்தக் காரமான வாசனை. என்னை அறியாமலே என் இடது பக்கம் இடம் விட்டு உட்கார்ந்திருக்கிறேன். நீ அங்கேதானே உட்காருவாய், வேலையைவிட அதிகமாகப் பேசிக்கொண்டு. விடுதியில் நோன்புக்கு உன்னை எழுப்பிவிடுகிறவள் நான். கிறிஸ்துமஸ் கேக்கை நான் கருக்கிவிடுவேன் என்று அடுப்புப் பக்கமே விடாதவள் நீ. எல்லாம் அந்தப் பாயில் உட்கார்ந்ததும் ஒன்றொன்றாக வந்தது. நான் விட்ட அந்த இடத்தில் உன் மாமியார் வந்து உட்கார்ந்தார்கள். மிகவும் தளர்ந்துவிட்டார்கள். கிராம்பைக் கையில் வைத்துக்கொண்டு, "ருகா உனக்கு எழுதுறாளா?" என்று கேட்டார்கள். இல்லையம்மா என்றேன். "எனக்கும் இல்ல" என்றார்கள். பிறகு இரண்டு பேரும் மொட்டைப் பிரித்துக்கொண்டிருந்தோம்.

தோப்பு முழுக்கப் பறித்து, காய்ந்து, நல்ல விலைக்குப் போனது. வாங்கியவன் ஓத்தோதான், ஆனால் இந்த முறை விலை சொன்னவள் நோவி. ஜகார்த்தா வாடகைக் கடன் தீர்ந்தது. அடுத்த சீசன்வரை மாத்திரைக்கும் படகுக்கும் இருக்கிறது. தோப்பு அவர்களுடையதாகவே இருக்கிறது. போன மாதம் ரத்தப் பரிசோதனை பார்த்த டாக்டர், எல்லாம் சரியாக இருக்கிறது, மெதுவாக வேலை செய்யலாம் என்றாராம். மெல்கி இப்போது பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் படகின் மோட்டாரைப் பார்த்துக்கொள்கிறான். பாரம் தூக்க மட்டும் நோவி விடுவதில்லை.

கூலி என்று மெல்கி பேச்செடுத்தபோது இத்ரிஸுக்குக் கோபம் வந்துவிட்டது. "பேலாக்காரன் கிட்டயேவா கூலி பேசுற? உங்கப்பன் இருந்திருந்தா உன்ன அறைஞ்சிருப்பான். ஆபரேஷன் பண்ணின ஆளாச்சேன்னு விடுறேன்" என்றான்.

இரண்டு நாள் எழுதாமல் வைத்துவிட்டேன், ஒரு பிரசவம். கடைசியாக ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். கிளம்புகிற அன்று உன் ஊர்ப் பெண்கள் தங்கள் சமையல் பானைகளைத் தேய்த்துக் கழுவி என் அடுப்படியில் கவிழ்த்துவிட்டு, அப்படியே போய்ப் படகேறிவிட்டார்கள். மறந்துவிட்டார்கள் என்று நான் ஒன்றைத் தூக்கிக்கொண்டு கரைவரை ஓடினேன். "ஏன் இந்த ஓட்டம் யோசி? நாங்க திரும்பி வரமாட்டோமா? எதுக்குத் தூக்கிட்டு அலையறது, அங்கயே கெடக்கட்டும்" என்றார்கள். அவற்றுக்கென்று ஒரு பலகை அடித்து வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் பன்றிக்கறியும் வேகும் என்பதால், எங்கள் சமையலுக்கு அவற்றைத் தொடுவதில்லை. தூசி மட்டும் துடைக்கிறேன். இங்கே வந்து யாராவது அவற்றில் மீன் குழம்பு வைத்தால் நான் சாப்பிடுவேன். அந்தக் குழம்பில், விடுதியில் நீ வைத்த மாதிரி எலுமிச்சை அதிகமாக இருந்தாலும் இந்த முறை குறை சொல்லமாட்டேன்.

மேற்குக் காற்று தொடங்குவதற்குள் பூட்டோனிலிருந்து அம்போனுக்குக் கப்பல் இருக்கிறதாம், இத்ரிஸ் சொன்னான். சும்மா, உனக்கும் தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

உன் மகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் முத்தங்கள். நீ எங்கே இருந்தாலும் ஆண்டவர் உன் கூடவே இருக்கட்டும். கடல் உனக்கு அமைதியாக இருக்கட்டும்.

உன்
யோசி