மன்னர் அமர்ந்த தட்டு

திரு நிலைக்க. மழை பிழையாது பெய்க. செங்குவளை நாட்டின் வெண்குடையைத் தந்தைக்குப்பின் தனியே தாங்கும் பெருமகனார் இளவெயினர் திருமுன், அவர்தம் எல்லைப்பாசறைக்கும் அங்குள்ள யானை குதிரைக்கும் நலம் வேண்டி, துலாமண்டபத்தில் நாற்பதாண்டு தராசு பிடித்து ஓய்ந்தவனும், உண்ணும் முன் ஓர் எறும்பையும் உண்டபின் அதே எறும்பையும் கண்ணாலேயே நிறுத்து, இடையில் அது விட்ட ஏப்பத்தின் எடையையும் கழித்துச் சொல்லி ஏழு நாட்டுப் புலவரை வாயடைத்தவனுமாகிய கோளரி நன்னன், அரசமாதேவியார் ஆணையால் எழுதும் ஓலை.

எறும்புச் செய்தியைத் தாங்கள் நம்பவேண்டாம். தங்கள் பாட்டனாரும் நம்பவில்லை. இனி வருவதை நம்பவேண்டும்.

ஆண்டுதோறும் முடிசூட்டு நாளில் மன்னர் ஒரு தட்டில் அமர, மறுதட்டில் ஏறும் நெல்லுக்கு ஆயிரம் மடங்கு நெல் ஏழைக்குப் போவது நம் வழக்கம். மூன்றாண்டு வானம் பொய்த்தது. சனங்கள் அரண்மனை வாயிலில் நின்று, எங்க புள்ளைங்களுக்காக இன்னும் ஒரு கவளம் சாப்பிடுங்க சாமி என்று கெஞ்சினார்கள். தங்கள் தந்தையார் உண்டார். தம் பசிக்கு உண்டாரல்லர். ஊர்ப் பசிக்கு உண்டார்.

கையும் காலும் இருந்தபடி இருக்க, வயிறு மட்டும் நாட்டின் எல்லையை விரிக்கப் புறப்பட்டது. சபைக்கு முதலில் தொந்தி வரும். கட்டியக்காரன் பாதிப் பட்டங்களைச் சொல்லி முடித்தபின் மன்னர் வருவார். யாம் அவர் உயரத்துக்கு நூல் அளந்து, இரண்டாய் மடித்து இடையைச் சுற்றினோம். அரை உயரத்துள் அடங்கவேண்டிய இடைக்கு நூல் இரண்டு சாண் குறைந்தது. உடம்பின் எடையைவிட வயிற்றின் சுற்றே எமனுக்கு அருகில் என்று விண்ணப்பித்தோம். அரண்மனை மருத்துவர் பொதியனார் நகைத்தார். தொந்தி திருமகள் இருக்கை என்றும், தராசுக்காரனுக்கு மருத்துவம் எதற்கு, போய்ப் படிக்கல்லைத் துடையும் ஓய் என்றும் சபையறியச் சொன்னார்.

அதன்பின் குடம்குடமாய்க் குடித்தும் மன்னருக்குத் தாகம் தீரவில்லை. அவர் சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்த்தது. அவற்றை நிறுக்க எமக்கு மனம் வரவில்லை. அவர் குறட்டை மூன்று ஊரை எழுப்பும். நடுவே மூச்சு நிற்க, மூன்று ஊரும் மூச்சைப் பிடித்துக் காத்திருக்கும். கால்விரல் புண் ஆறாமல் கறுத்தது.

கடந்த முடிசூட்டு நாளில், துலாமண்டபத்து ஏழு படி ஏற மூன்று இடத்தில் நின்று, தட்டில் அமர்ந்தார். நெல் ஏறிற்று. முள் நடுவுக்கு வருமுன் மார்பைப் பிடித்துச் சாய்ந்தார். தட்டுகள் சமமானதும் சனங்கள் வாழ்க வாழ்க என்று ஆர்த்தார்கள். வாழ்த்தப்பட்டவர் அங்கே இல்லை. அந்நெல்லை ஊர் உண்டது; யாமும் உண்டோம்.

பொதியனார் அதைக் கண்ணேறு என்றார். தைப்பூசத்தில் வரும் தங்கள் முதல் துலாபாரத்துக்கென, நாள்தோறும் நாழி நெய் உண்ணுமாறு சென்ற கிழமை தங்களுக்கும் எழுதியுள்ளார்.

ஆகலின் அரசமாதேவியார் ஆணை இது. தந்தையாரின் கடைசி எடைக்கு ஒரு கல் வெட்டப்பட்டது. இனி எம்மன்னரும் தட்டில் ஏறற்க, கல்லே ஏறுக, ஏழைக்கு நெல் குறையாது. தாங்கள் நடந்து, பசித்து, பசியளவே உண்டு நெடுங்காலம் இருக்க. நெய்யை விளக்குக்கு ஊற்றுக. குவளை முத்திரை இட்டோம். மறுத்து நின்ற ஒருவரின் கையெழுத்தையும் கீழே வாங்கினோம்.

பொதியனாகிய நான் இதை அறிவேன். கண்ணேறு அன்று. தட்டருகே அவர் நாடி பிடித்து நின்றவன் நானே. நாடி நின்றபின்னும், நெல் ஏறட்டும் என்று வாய் திறவாதிருந்தேன். நடந்தது நடந்ததே. இவை என் எழுத்து.