காருக்குக் கொடுத்த துணி

1944, கார்த்திகை, புதன்

தோட்டத்தை விட்டு ஓடிப்போன வெள்ளைக்காரத் துரையின் காரை இப்போது ஜப்பான் அதிகாரி ஓட்டுகிறான். அதன் மடக்குக் கூரையைக் கழுவித் துடைத்து மெழுகு பூசும்படி கங்காணி புதுத் துணி கொடுத்தார். கூலி லயத்தில் நாங்கள் கட்டியிருப்பது சாக்கு. அக்கா பச்சைப்பிள்ளையையும் சாக்கில்தான் சுற்றியிருந்தாள். துணியை அவளிடம் கொடுத்துவிட்டேன். கழுவிய கித்தான் கூரை பனிமூட்டத்தில் காயவே இல்லை.

மாலையில் கங்காணி கூரையைத் தடவிப் பார்த்தார்.

“துணி எங்கடா?”

“கிழிஞ்சிபோச்சுங்க.”

லயத்தில் பிள்ளை வீறிட்டது.

“கிழிஞ்ச துணிதான் அழுவுதா?”

கங்காணி மறுபடியும் கூரையில் கை வைத்தார்.

“ஈரத்தோட மடக்குனா பூசணம் பிடிக்கும். அப்புறம் ஜப்பான்காரன் நம்ம ரெண்டு பேரு தோலையும் உரிப்பான்லா.”

தலைப்பாகையை அவிழ்த்து என் கையில் திணித்தார். அதைக் கொண்டே கூரையைத் துடைத்தேன். எத்தனை நாள் அந்தத் தலைப்பாகையைப் பார்த்துக் காறித் துப்பியிருக்கிறேன்! நாளைக் காலை ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு வெறுந்தலையோடு வருவார். எவனாவது சிரித்தால் அறைவேன்.